மார்பகக் கட்டியும் அணுமருத்துவ ஸ்கான்களும்: எது எதைக் காட்டும்?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் மார்பில் கட்டி என்று பேச்சு எழுந்தால், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது "கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரிய ஸ்கானை எடுங்கோ, எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிடுவார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எல்லாவற்றையும் காட்டும் ஸ்கான் என்று ஒன்று உலகத்தில் எங்கும் கிடையாது. பெரிய ஸ்கான் என்று நாங்கள் பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்குள் நாலைந்து வகை இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் செய்யப்பட்டது. கேள்வி என்னவென்று தெரியாமல் ஸ்கானுக்கு அலைந்தால் காசும் போகும், வீண் பயமும் வந்து சேரும்.

அந்த வகைகளில், ஊசி மூலம் சிறிதளவு கதிர்வீசும் மருந்தை உடம்புக்குள் விட்டு எடுக்கும் அணுமருத்துவப் படங்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். ஆகவே இந்த ஸ்கான்களின் பெயர்கள் இன்றைக்கோ நாளைக்கோ டொக்டர் எங்கள் வீட்டாருக்குக் கொடுக்கும் துண்டுகளிலும் எழுதப்படக்கூடியவை.

முதலில் மாமோகிராம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது தடுமாறும் இடம் தெரிந்தால்தான் மற்றது ஏன் வந்தது என்பது விளங்கும்.

மாமோகிராம் ஒரு எக்ஸ்ரே. மார்பை இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்திப் பிடித்து, சக்தி குறைந்த எக்ஸ் கதிரை ஊடாக விடுவார்கள். கொழுப்பு கதிரை இலகுவில் போகவிடும், படத்தில் கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிகளும் நார் இழையமும் கதிரைத் தடுக்கும், வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். கொழுப்பு மிகுந்த மார்பில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டி பளிச்சென்று நிற்கும். சுரப்பியும் நாரும் நெருங்கிக் கிடக்கும் மார்பில் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டும். இதைத்தான் அடர்த்தியான மார்பு என்கிறார்கள். அமெரிக்கக் கணக்கின்படி 40 வயது தாண்டிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த வகை. வயது குறையக் குறைய அடர்த்தி கூடும்.

அடர்த்தி என்பது நோய் இல்லை. கையால் தொட்டு அதை அறியவும் முடியாது. படத்தைப் பார்த்துக் கதிரியல் டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அடர்த்தி கூடியவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல், வந்தது படத்தில் மறைந்து போகும் வாய்ப்பும் கூடுதல். வில்லங்கம் இரண்டு பக்கத்தாலும் வருகிறது.

அதற்காக மாமோகிராமைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. ஆரம்பப் புற்றுநோயில் சில வேளை மணல் தூவியதுபோல் மிகச் சிறிய கல்சியப் புள்ளிகள் தோன்றும். அவற்றைக் காட்டுவதில் மாமோகிராமை மிஞ்ச ஒன்றும் இல்லை. கீழே சொல்லப் போகும் எந்த அணுமருத்துவப் படத்திலும் அந்தப் புள்ளிகள் தெரியாது.

மாமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் காட்டுவது உருவத்தை: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, விளிம்பு எப்படி. ஒரு ஒழுங்கையில் நின்று பார்த்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மதிலும் கேற்றும்தான் தெரியும். எந்த வீட்டுக்குள் இரவு பகலாக மெஷின் ஓடுகிறது என்பதை மதிலைப் பார்த்துச் சொல்ல ஏலாது. மின்சார மீற்றரைப் பார்த்தால் உடனே தெரியும். அணுமருத்துவம் பார்ப்பது அந்த மீற்றரை. இழையம் வெள்ளையா கறுப்பா, அடர்த்தியா இல்லையா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எந்தக் கலங்கள் அளவுக்கு மிஞ்சி உழைக்கின்றன என்பதுதான் அதன் கேள்வி.

இதயத்துக்கு என வந்த மருந்து

மார்பகத்துக்குப் பயன்படும் அணுமருந்துகளில் முக்கியமானது செஸ்டமிபி. அது தனியாகக் கதிர் வீசாது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க அணுவை அதனுடன் இணைத்துத்தான் ஊசி போடுவார்கள். செஸ்டமிபி வழி காட்டும், டெக்னீசியம் இருக்குமிடத்தைக் காட்டும்.

இந்தச் சோடி முதலில் வந்தது இதயத்துக்கு. இதயத் தசைக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க 1990ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் உலகத்தில் அதன் பெரிய வேலை அதுதான். மார்பகக் கட்டிகளும் இந்த மருந்தை இழுத்துப் பிடிக்கின்றன என்று தெரியவந்த பிறகு, 1997ல் மார்பகப் படத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

ஏன் கட்டி அதை இழுக்கிறது? செஸ்டமிபி நேரேற்றம் உள்ளது, கொழுப்பில் கரையக்கூடியது. கொழுப்பில் கரைவதால் கலத்தின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போய்விடும். கலத்துக்குள் சக்தி உற்பத்தி செய்யும் இழைமணிகள் இருக்கின்றன. அவற்றின் உட்பக்கம் எதிரேற்றம் உடையது. நேரேற்றமுள்ள மருந்து அங்கே ஈர்க்கப்பட்டுத் தங்கிவிடும். வேகமாக வளரும் புற்றுக் கலங்களில் இழைமணிகளின் வேலை மும்முரம், இரத்த ஓட்டமும் கூடுதல். ஆகவே சுற்றியிருக்கும் சாதாரண இழையத்தைவிட அங்கே மருந்து கூடுதலாகச் சேரும், படத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு இழைமணி என்றதும் பரீட்சைக்குக் கீறிய படம் ஞாபகம் வரும். அதன் மென்சவ்வு மின்னழுத்தம் இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று அப்போது யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஒரு சிறு கிளைக் கதையும் உண்டு. சில புற்றுக் கலங்களின் மென்சவ்வில் பி-கிளைக்கோபுரதம் என்ற ஒரு பம்பி இருக்கும். வேண்டாத இரசாயனங்களை வெளியே தள்ளுவது அதன் வேலை. அது செஸ்டமிபியையும் வெளியே தள்ளிவிடும். அப்படியான கட்டி படத்தில் மங்கலாகவே தெரியும், சில வேளை தெரியாமலும் போகலாம். படத்தில் ஒன்றும் இல்லை என்றால் உடம்பிலும் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

டெக்னீசியம் பற்றியும் இரண்டு வரி. 1937ல் இத்தாலியின் பலேர்மோ நகரில் கண்டறியப்பட்ட மூலகம் இது; மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் மூலகமும் இதுதான். 99எம் என்ற வடிவத்தின் அரைவாழ்வு 6 மணித்தியாலம். காலை ஒன்பது மணிக்கு ஊசி போட்டால் பின்னேரம் மூன்றுக்குப் பாதி, இரவு ஒன்பதுக்குக் கால் பங்கு, மறுநாள் காலை ஒன்பதுக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரிலும் மலத்திலும் போவதைக் கழித்தால் அதைவிடவும் குறைவு. அது வீசும் காமாக் கதிரின் சக்தி 140 கிலோ இலத்திரன்வோல்ட். உடம்பைத் தாண்டி வெளியே வரப் போதுமானது, கமராவில் பிடிபடவும் ஏற்றது. இந்த இரண்டு குணங்களால்தான் உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் மருத்துவக் கதிரியக்கப் பொருளாக அது இருக்கிறது.

ஆறு மணித்தியாலத்தில் பாதியாகும் ஒன்றை வெளிநாட்டில் இருந்து எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவருவது அதன் தாயை. மொலிப்டினம்-99 என்ற இன்னொரு அணு, 66 மணித்தியால அரைவாழ்வோடு, சிதைந்து சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்கும். ஈயக் கவசத்துக்குள் அதை அடைத்து ஜெனரேற்றர் என்ற பெயரில் விமானத்தில் அனுப்புவார்கள். ஒவ்வொரு நாள் காலையும் அதற்குள் உப்புநீரை விட்டு, அன்றைக்குத் தேவையான டெக்னீசியத்தைக் கழுவி எடுக்கலாம். ஒரு வாரத்தில் அதன் பலம் குறைந்துவிடும், அடுத்தது வர வேண்டும். இலங்கையில் அணு உலை கிடையாது. உலகத்திலேயே மொலிப்டினம் செய்யும் உலைகள் சிலதான். 2009ல் கனடாவின் சோக் றிவர் உலை பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தபோது பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளே ஸ்கான் திகதிகளைத் தள்ளிப் போட வேண்டி வந்தது. உங்கள் ஸ்கான் திகதி திடீரென்று மாறினால், கிளாக்கரோடு சண்டைக்குப் போக முன்னர் இதையும் நினைத்துக் கொள்ளலாம்.

கமரா கிட்ட வர வேண்டும்

உடம்புக்குள் இருந்து வரும் காமாக் கதிரைப் படமாக்கும் கருவி காமாக் கமரா. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கரான ஹால் ஆங்கர் அதை உருவாக்கினார். முன்னால் ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட ஈயத் தகடு. அதன் பின்னால் பெரிய சோடியம் அயடைட்டுப் பளிங்கு. துளையூடாக நேராக வரும் கதிர் பளிங்கில் பட்டதும் ஒரு மின்னல் பொறி எழும். அந்தப் பொறி எந்த இடத்தில் எழுந்தது என்று கணக்கிட்டுப் படம் வரையப்படும்.

இந்தக் கமராவில் ஒரு குணம் உண்டு: தூரம் கூடக் கூடப் படம் மங்கும். இதயம், எலும்பு பார்க்க அமைத்த பெரிய கமராவை மார்பகத்துக்கு ஒட்டி வைக்க முடியாது. அதனால் 1990களில் எடுத்த மார்பகப் படங்களில் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் தப்பிப் போயின. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் அனுபவமுள்ள டொக்டருக்குக் கையிலேயே தட்டுப்படலாம். பிறகு எதற்கு ஸ்கான்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாததால் அந்த முறை பெரிதாகப் பரவவில்லை.

திருப்பம் வந்தது கமராவைச் சிறிதாக்கிய போது. மாமோகிராம் இயந்திரம் போலவே இரண்டு தட்டுகள், அவற்றுக்குள் சிறிய உணரிகள். பளிங்குப் பொறிக்குப் பதிலாக, கட்மியமும் துத்தநாகமும் தெலூரியமும் சேர்ந்த குறைகடத்தி. காமாக் கதிர் பட்டதும் அது நேரடியாக மின் சைகையாக மாற்றிவிடும். மார்பகம் தட்டுகளுக்கிடையே இருப்பதால் தூரம் ஓரிரு சென்ரிமீற்றர்தான். இதற்கு மூலக்கூற்று மார்பகப் படமெடுப்பு என்று பெயர். ஒரு சென்ரிமீற்றரை விடச் சிறிய கட்டிகளையும் இது காட்டக்கூடியது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதை நன்றாகச் சோதித்தார்கள். அடர்த்தியான மார்புள்ள 1,585 பெண்களுக்கு மாமோகிராமும் இந்த ஸ்கானும் எடுத்து, முடிவை 2015ல் வெளியிட்டார்கள். மாமோகிராம் மட்டும் ஆயிரம் பேரில் 3.2 என்ற அளவில் புற்றுநோயைக் கண்டது. இரண்டும் சேர்ந்தபோது 12. நாலு மடங்குக்குக் கிட்ட. இந்த இலக்கத்தைப் பார்த்ததும் "அப்ப ஏன் எல்லாருக்கும் இதை எடுக்கேல்லை?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

பதிலின் ஒரு பாதி அதே ஆய்வில் இருக்கிறது. மேலதிகச் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கு 11 பேராக இருந்தது, இந்த ஸ்கானையும் சேர்த்ததும் 17க்கு மேல் போனது. அவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. பைபுரோஅடினோமா என்ற சாதுவான கட்டி, அழற்சி, மாதவிடாய்க்கு முந்திய நாட்களின் ஹோமோன் மாற்றம் எல்லாம்கூட மருந்தை இழுக்கும். அதனால்தான் மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சுழற்சியின் முதற்பாதியில் திகதி கொடுப்பார்கள். திரும்ப வாருங்கோ என்று ஒரு துண்டு வந்தால் அந்த வீட்டில் அடுத்த இரண்டு கிழமை யாரும் நித்திரை கொள்வதில்லை என்பது கணக்கில் வராத செலவு.

மற்றப் பாதி, கதிரின் அளவு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பயமும் கூடுதல், அலட்சியமும் கூடுதல்.

மாமோகிராமில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர் சுமார் 0.4 முதல் 0.5 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). அதுவும் மார்பகத்துக்கு மட்டும். செஸ்டமிபி இரத்தத்தில் போகும் மருந்து. அது மார்போடு நிற்காது. முழு உடம்புக்கும் போகும், ஈரலால் வடிக்கப்பட்டுக் குடலுக்குள் இறங்கும். மார்பகத்தைப் பார்க்க எடுக்கும் இந்த ஸ்கானில் கூடுதல் கதிர் வாங்குவது பெருங்குடல்! ஆரம்ப காலத்தில் 740 முதல் 1,100 மெகாபெக்கரல் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை ஊசியில் ஏற்றினார்கள். அது 6 முதல் 9 மில்லிசீவர்ட் வரை கொடுத்தது. புதிய உணரிகளால் அதை 300 மெகாபெக்கரலுக்கு இறக்கினார்கள். மேயோ ஆய்வும் அந்த அளவில்தான் நடந்தது. இப்போது கிடைப்பது சுமார் 2 முதல் 2.5 மில்லிசீவர்ட். பூமியில் வாழும் ஒரு மனிதருக்கு மண்ணில் இருந்தும் காற்றில் இருந்தும் வானத்தில் இருந்தும் இயற்கையாகக் கிடைப்பது, உலகச் சராசரியாக, வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே ஒரு தடவை எடுத்தால் ஒரு வருடத்து இயற்கைக் கதிரைக் கூடுதலாக வாங்கியதாகக் கணக்கு.

மார்பில் சந்தேகம் உள்ள ஒருவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சுகமாக இருக்கும் இலட்சக்கணக்கான பெண்களுக்கு வருடா வருடம் இதைக் கொடுப்பது வேறு விஷயம். எனவேதான் சாதாரண ஆபத்து நிலையில் இருப்பவர்களுக்கு முதற் பரிசோதனையாக இதை யாரும் பரிந்துரைப்பதில்லை. மாமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் தெளிவு வராத இடத்தில், எம்ஆர்ஐ எடுக்க முடியாத பெண்ணுக்கு (இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர், குழாய்க்குள் படுக்கப் பயந்து மூச்சுத் திணறுபவர்) இது ஒரு நல்ல மாற்றுவழி. அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை என்பது என் எண்ணம்.

எடுக்கும் விதம் சிக்கலில்லாதது. சந்தேகமான மார்புக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊசி போடுவார்கள். அதே பக்கக் கையில் போட்டு மருந்து கொஞ்சம் இரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால், அந்தப் பக்கக் கமக்கட்டில் உள்ள நிணநீர்க்கணு (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு) அதை உறிஞ்சிப் பொய்யாக ஒளிரும். ஊசி ஏறியதும் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டும். சில நிமிடத்தில் போய்விடும். ஐந்து பத்து நிமிடத்தில் படம் தொடங்கலாம். ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு கோணம், கோணத்துக்குப் பத்து நிமிடம், மொத்தம் நாற்பது நிமிடம். அசையாமல் இருக்கப் பிடிக்குமளவுக்குத்தான் தட்டு அழுத்தும். மாமோகிராமில் பல்லைக் கடித்தவர்கள் இதைச் சுகமாகவே சொல்வார்கள். கஷ்டம் என்றால் அவ்வளவு நேரம் கதிரையில் ஆடாமல் இருப்பதுதான்.

முதற் கணுவைத் தேடுதல்

கட்டியைக் கண்டுபிடிப்பதைவிட, என் பார்வையில், அணுமருத்துவம் பெண்களுக்குச் செய்த பெரிய உதவி சத்திரசிகிச்சை மேசையில்தான். இது பற்றி எங்கள் பக்கம் பேச்சு குறைவு.

மார்பகப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் போவது கமக்கட்டில் உள்ள நிணநீர்க்கணுக்களுக்கு. போயிருக்கிறதா என்று அறிய முந்திய காலத்தில் கமக்கட்டுக் கணுக்களைக் கூட்டமாக வெட்டி எடுத்துவிடுவார்கள். பலருக்கு அவற்றில் நோயே இருக்காது. ஆனால் கணுக்கள் போனதால் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கும். சிலருக்கு அந்த வீக்கம் வாழ்நாள் முழுக்க இருக்கும். கிணற்றில் தண்ணி அள்ளுகிற, தேங்காய் துருவுகிற, பிள்ளையைத் தூக்குகிற கை அது.

நிணநீர் ஒழுங்காக ஓடும். மார்பில் இருந்து புறப்பட்டால் முதலில் ஒன்றிரண்டு கணுக்களைத்தான் தொடும், பிறகுதான் மற்றவை. அந்த முதற் கணுவில் புற்றுநோய் இல்லை என்றால் அடுத்தவற்றில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் முதற் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதுமே? போதும்தான், ஆனால் பத்து இருபது கணுக்களுக்குள் எது முதற் கணு?

இங்கே டெக்னீசியம் திரும்ப வருகிறது, இம்முறை வேறு வாகனத்தில். மிக நுண்ணிய கூழ்த் துணிக்கைகளோடு அதைக் கலந்து முலைக்காம்பைச் சுற்றியோ கட்டியின் அருகிலோ ஊசி போடுவார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாளோ அன்று காலையோ இது நடக்கும். துணிக்கைகள் நிணநீரோடு போய் முதற் கணுவில் சிக்கிக்கொள்ளும். சத்திரசிகிச்சை நிபுணர் பேனா மாதிரி ஒரு காமா உணரியைக் கமக்கட்டில் நகர்த்துவார். கணுவுக்குக் கிட்டப் போகப் போகக் கருவியின் சத்தம் கூடும். சத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் சிறிதாகக் கீறி அந்தக் கணுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். நீலச் சாயமும் கூடவே ஏற்றினால் கணு கண்ணுக்கும் நீலமாகத் தெரியும். அணுமருந்து கிடைக்காத இடங்களில் சாயத்தை மட்டும் வைத்தும் இதைச் செய்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் வந்த இந்த முறையை 5,611 பெண்களில் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2010ல் வெளியானது. முதற் கணு சுத்தமாக இருந்த பெண்களில், மிச்சக் கணுக்களை வெட்டியவர்களும் வெட்டாமல் விட்டவர்களும் ஒரே மாதிரித்தான் உயிர்வாழ்ந்தார்கள். இதற்குக் கொடுக்கும் கதிரின் அளவோ செஸ்டமிபி ஸ்கானை விடவும் மிகச் சிறிது. சத்திரசிகிச்சைக்கு முன் டொக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் கிடைத்தால், "கமக்கட்டில் முதற் கணுவை மட்டும் பார்க்க ஏலுமோ?" என்பதைக் கேளுங்கள்.

பெற் ஸ்கான், எலும்பு ஸ்கான்

ஊரில் பெரிய ஸ்கான் என்று சொல்வது அநேகமாக பெற் (PET) ஸ்கானை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு இந்த இயந்திரம் வாங்கப் பொதுமக்களிடம் பணம் சேர்த்தபோது நாடு முழுக்க அதன் பெயர் அடிபட்டது.

இதன் மருந்து எப்டிஜி, புளோரீன்-18 ஒட்டிய குளுக்கோஸ். புற்றுக் கலங்கள் சீனியைப் பேராசையோடு விழுங்கும் என்பதை ஜெர்மனியரான ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே காட்டினார். எப்டிஜியையும் அவை குளுக்கோஸ் என்று நினைத்து உள்ளே எடுக்கும். ஆனால் அதை முழுதாகச் செரிக்க முடியாததால் அது உள்ளேயே சிக்கிவிடும். புளோரீன்-18 வீசுவது பொசிற்றிரன் என்ற துணிக்கை. அது பக்கத்தில் உள்ள ஒரு இலத்திரனோடு மோதி இரண்டுமே அழிந்து, நேர் எதிர்த் திசைகளில் இரண்டு கதிர்களாகப் பாயும். உடம்பைச் சுற்றி வளையமாக நிற்கும் உணரிகள் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, இடையில் ஒரு கோடு கீறும். இலட்சக்கணக்கான கோடுகள் வெட்டும் இடம்தான் படம். கூடவே உருவத்தைக் காட்டும் சிரி (CT) ஸ்கானும் எடுப்பதால் அந்த இடம் ஈரலா எலும்பா என்பதும் தெரியும்.

புளோரீன்-18ன் அரைவாழ்வு 110 நிமிடம். கொழும்பில் இருந்து எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தால் இருபதில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. டெக்னீசியம் ஸ்கான் ஒரு ஜெனரேற்றரை நம்பி எந்த ஊரிலும் நடக்கலாம். பெற் ஸ்கானுக்கு மருந்து செய்யும் இடமோ விமானமோ கிட்ட இருந்தாக வேண்டும். நாங்கள் தெற்கே போக வேண்டியிருப்பதன் பௌதிகக் காரணம் இது. (நிர்வாகக் காரணங்களும் உண்டு, அது வேறு கட்டுரை.)

சரி, பெற் எதற்கு? நோய் முற்றிய நிலையில் எங்கெங்கே பரவியிருக்கிறது, சிகிச்சை முடிந்து வருடங்களின் பின் திரும்ப வந்திருக்கிறதா, கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விகளுக்கு. கையில் தட்டுப்பட்ட சிறு கட்டி புற்றுநோயா இல்லையா என்ற கேள்விக்கு அது ஏற்றதில்லை. மிகச் சிறியவை தப்பும். மெதுவாக வளரும் வகைகளும், லொபியூலர் என்ற வகையும் சீனியை அவ்வளவாக இழுக்காததால் மங்கலாகத் தெரியும். மாறாக, தடுப்பூசி போட்ட பக்கத்துக் கமக்கட்டுக் கணு சும்மா ஒளிரும். 2021ல் கொரோனாத் தடுப்பூசி போட்ட பெண்கள் பலர் இதனால் பதறிப் போனார்கள். ஊசி எந்தக் கையில் எப்போது போட்டது என்பதை ஸ்கானுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆயத்தத்தில் முக்கியம் பட்டினி. பொதுவாக ஆறு மணித்தியாலம். கந்தசஷ்டி பிடிக்கிறவர்களுக்கு இது விளையாட்டு. ஆனால் சீனி போட்ட பிளேன்ரீ ஒன்று இடையில் போனால் கதை முடிந்தது: இரத்தத்தில் ஏறும் சீனியும் இன்சுலினும் எப்டிஜியைத் தசைக்குள் தள்ளிவிடும், கட்டி மங்கிவிடும். வெறும் தண்ணி தாராளமாகக் குடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் குளிசையை, இன்சுலினைத் தாங்களாக நிறுத்தாமல் திகதி எடுக்கும்போதே கேட்க வேண்டும். ஒரு சால்வையும் கொண்டு போங்கள். ஏசி அறையில் குளிர்ந்தால் கழுத்தோரத்தில் உள்ள பழுப்புக் கொழுப்பு உடம்பைச் சூடாக்க எப்டிஜியை எரிக்கத் தொடங்கும். படத்தில் அது நோய்போலக் குழப்பும்.

2020ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்னொரு பெற் மருந்தும் இருக்கிறது. இது ஈஸ்திரஜன் ஹோமோனின் சாயலில் செய்த புளோரோஈஸ்திரடையோல். பரவிய நோயிலும் ஈஸ்திரஜன் ஏற்பிகள் (அந்த ஹோமோன் வந்து ஒட்டும் இடங்கள்) இன்னும் இருக்கின்றனவா, ஹோமோன் தடுப்பு மாத்திரைகள் பலிக்குமா என்பதற்கு அது உதவும். ஈரலைப் பார்க்க மட்டும் உதவாது, ஈரலே அந்த மருந்தை வாரி எடுப்பதால்.

எலும்பு ஸ்கான் எளிமையானது. டெக்னீசியம் ஒட்டிய பொஸ்பனேற்று மருந்து, ஊசி போட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படம். பழைய முறிவு, முழங்கால் வாதம் எல்லாம் கூட அதில் ஒளிரும் என்பதால், எப்போதோ விழுந்து கை முறிந்த கதையையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

துண்டு கையில் கிடைத்தால்

கட்டி ஒன்று தட்டுப்பட்டாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பில் இருந்து இரத்தம் கசிந்தாலோ முதற் படி அணுமருத்துவம் இல்லை. பரிசோதனை, வயதுக்கேற்ப அல்ட்ராசவுண்ட் அல்லது மாமோகிராம், பிறகு பயொப்சி (கட்டியில் சிறிது எடுத்துச் சோதிப்பது). புற்றுநோய் என்று கடைசி முத்திரை குத்துவது பயொப்சி மட்டும்தான். எந்த ஸ்கானின் கரும்புள்ளியும் அதற்கு ஈடாகாது. ஒன்றும் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள், காசு இல்லாமல். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலில் வந்து சொல்லியும் போகாமல் விடுவோர் நிறைய. சிகிச்சைக்குத் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை 2011ல் நடந்த நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் எழுந்தது அது.

அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு அணுமருத்துவ ஸ்கானுக்கு எழுதினால், "இதில் என்ன பார்க்கிறீங்கள், இதின்ர முடிவால் சிகிச்சை மாறுமோ?" என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பழைய மாமோகிராம் படங்களையும் பயொப்சி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதும் ரிப்போர்ட் பாதிப் பயன்தான் தரும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சின்னச் சந்தேகம் இருந்தாலும், அல்லது பால் கொடுக்கும் பிள்ளை இருந்தாலும், கூச்சப்படாமல் முதலே சொல்ல வேண்டும்.

எடுத்து முடிந்த பிறகு நிறையத் தண்ணி குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து கெதியாக வெளியேறும். பெற் எடுத்த அன்று சில மணித்தியாலங்களுக்குக் கைக்குழந்தையை மடியில் வைத்திருக்காமலும், கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பக்கத்தில் நெருங்கி இருக்காமலும் விட்டால் போதும். மற்றபடி வீட்டில் தனி அறை, தனிக் கோப்பை என்று ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. காலையில் ஊசி போட்டவர் இரவு பஸ்ஸில் மற்றவர்களோடு இருந்து ஊருக்கு வரலாம். பஸ் கொடிகாமத்தைத் தாண்டும்போது அவரிடம் மிஞ்சியிருக்கும் எப்டிஜி, காலையில் ஏற்றியதில் நூறில் ஒரு பங்கை விடக் குறைவு.